பட்டறைப் பக்கம் – 17: ஆறு கிலோமீட்டர்

"எவ்வளவு தூரம் ஓட்டினீங்கண்ணே?" என்று மெக்கானிக் கேட்டதற்கு முதலில் வந்த பதில், "கொஞ்ச தூரம்தான் தம்பி." இரண்டாம் தடவை கேட்டதும் அது "கேம்ப் ரோடு வரைக்கும்" என்று நீண்டது. மூன்றாம் தடவை வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அகரம்தென் தாண்டி மண்டபத்து வாசல்லயே கீழ செவப்பா சொட்டிக்கிட்டு இருந்தது. ரேடியேட்டர் தண்ணின்னு நெனச்சிட்டேன்" என்றார். அங்கிருந்து சேலையூர் கேம்ப் ரோடு முனைக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்.

அவர் பந்தல், சாமியானா வாடகைக்கு விடுகிறவர். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதற்காகவே தேடி அலைந்து வாங்கிய ஆட்டோமேட்டிக் வண்டி இது. லாரியைப் போல இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த பெரிய டீசல், 2010 மாடல், மூன்றாவது கை. வழியில் ஒரு பட்டறையில் இரண்டு லிட்டர் ஆயில் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். முன்னால் போக 'டி' போட்டால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. "கியர்பாக்ஸ் போச்சு, முழுசா மாத்தணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்படிச் சட்டென்று தீர்ப்புச் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஒருவருடைய பிழைப்பே அந்த வண்டியில் ஓடுகிறது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டை, அதாவது பேனை, கழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு வழுவழுப்பு கொடுக்கிற வேலை மட்டும்தான். ஆட்டோமேட்டிக்கில் எல்லா வேலையும் ஆயில் தலையில். இன்ஜின் சுழற்சியை கியருக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் ஆயில். கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பதும் பம்ப் தள்ளும் ஆயில்தான். சூட்டைச் சுமந்துகொண்டு ரேடியேட்டர் பக்கம் போய் ஆறிவிட்டுத் திரும்புவதும் அதுவே. ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 1940 மாடலில் ஹைட்ராமேட்டிக்கைப் பொருத்திய நாளிலிருந்து, ஆயிலை நம்பியே ஓடும் இந்த அடிப்படை மாறவே இல்லை.

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆயில் நுரைக்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. பிளேட்டுகள் இறுகாமல் உரசிக்கொண்டே சுற்றும். அவற்றின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற மெல்லிய பூச்சு, கருகச் சில நிமிடம் போதும். மெக்கானிக் தூரத்தைத் துருவித் துருவிக் கேட்டது அதனால்தான்.

வண்டி பட்டறைக்கு வந்ததே ரெக்கவரி லாரியின் முதுகில் ஏறித்தான். கயிறு கட்டி இழுக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். இன்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும். பின்சக்கரம் தரையில் உருள இழுத்தால் உள்ளே கியர்கள் ஆயில் இல்லாமல் வறண்டு சுற்றும். 2015 டிசம்பர் மழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, தண்ணீரிலிருந்து நல்லபடியாக மீட்ட வண்டிகளை இப்படி இழுத்தே கெடுத்ததை இந்த வட்டாரத்திலேயே பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

மெக்கானிக் முதலில் ஆயில் எந்த வழியாகப் போனது என்று பார்த்தார். அடியில் படுத்து டார்ச் அடித்தால் சட்டமெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. ஆயிலை ஆறவைக்கும் கூலருக்குப் போகும் ஹோஸுக்குக் கீழே மட்டும் ஒரு கை அகலத்துக்கு மண் கழுவிப் போய் இரும்பு பளபளத்தது. ஹோஸையும் குழாயையும் இறுக்கிப் பிடித்திருக்கும் உலோக வளையம் துருப்பிடித்து விரிந்திருந்தது. பேனில் அடி விழவில்லை, சீல்களும் காய்ந்துதான் கிடந்தன.

இந்தக் கூலர் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் கலந்தார்கள், கிளட்ச் உதறாமல் மெதுவாகப் பிடிக்கும் என்பதற்காக. அந்த எண்ணெய்க்குத் தடை வந்ததும், 1973இல் மாற்றாக டெக்ஸ்ரான் 2 என்ற ஆயில் வந்தது. அது கூலரின் பற்றவைப்பையே அரிக்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்த்து 1975இல் திருத்தினார்கள். கியர்பாக்ஸைக் கெடுக்கும் கசிவு கியர்பாக்ஸுக்கு வெளியிலும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு பேனை இறக்கினார்கள். மிச்சமிருந்த ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டார். செக்கச்செவேல் என்று பரவ வேண்டியது, அடிப்பிடித்த குழம்பு மாதிரி பழுப்பேறி நடுவில் கரும்புள்ளியாக நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த நெடி. நல்ல வேளை, ரோஸ்மில்க் நிறம் இல்லை. அந்த நிறம் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்ததற்கு அடையாளம். தண்ணீர் பட்டால் பிளேட்டின் பசையே விட்டுப்போகும்.

பேனின் மூலையில் ஒரு காந்தம். அதை விரலால் வழித்து, என் கட்டைவிரலில் தடவிக் காட்டினார். மை போல வழவழவென்று சாம்பல் நிறம். இந்த வயது வண்டியில் இருப்பதுதான். நெருடவில்லை. இரும்புச் சில்லு இல்லை, பித்தளைப் பொடி மின்னவில்லை. பேனின் அடியில் மட்டும் கறுப்புத் தூள், டீ வடிகட்டியில் தங்கும் மண்டி மாதிரி.

"கியரும் புஷ்ஷும் தப்பிச்சிருக்கு சார். பிளேட்டுதான் வெந்திருக்கு" என்றார்.

ஹோஸையும் வளையத்தையும் மாற்றி, சமதரையில் நிறுத்தி, அந்த கியர் பெட்டிக்கு உரிய ஆயிலையே நிரப்பினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடானபின் அளவு சரிபார்த்து, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார்கள். முள் உரிய அளவில் நின்றது. பம்ப் பிழைத்திருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பார்க்கும் சோதனையை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஏற்கெனவே வழுக்குகிற பிளேட்டை அது சாம்பலாக்கிவிடும்.

'ஆர்' போட்டார். ஒரு நொடி யோசித்தாற்போல் நின்று, வண்டி பின்னால் நகர்ந்தது. 'டி'யில் உறுமல் மட்டும். முன்னால் மெதுவாகப் போவதற்கான 'எல்'லிலும் அதே கதை. பின்னால் போவதால் பம்ப்பும் கன்வெர்ட்டரும் உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது. 'டி'க்கும் 'எல்'லுக்கும் பொதுவானது முன்னோட்டக் கிளட்ச் ஒன்றுதான். அந்த பிளேட் செட்டை மாற்றி, சீல்களைப் புதிதாகப் போட்டு, கூலரையும் கன்வெர்ட்டரையும் கழுவ வேண்டும். முழுப் பெட்டி வாங்கும் செலவில் பாதிகூட வராது.

 இந்தப் பக்கத்து ஒரகடத்தில் அலிசன் கம்பெனி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸே தயாரிக்கிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில், பெட்டியைத் திறந்து பார்க்கத் துணிகிற பட்டறைகள் தெருவுக்கு ஒன்றாவது வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான்காம் நாள் பெட்டியைப் பிரித்தார்கள். முன்னோட்டக் கிளட்ச்சின் பிளேட்டுகள் கரிக்கட்டையாக இருந்தன. நகத்தால் கீறினால் பூச்சு உதிர்ந்தது. பக்கத்திலிருந்த ரிவர்ஸ் பிளேட்டுகள் பழுப்பு மாறாமல் முழுசாக இருந்தன. பந்தல்காரர் கருகியதில் ஒன்றைக் கையில் வாங்கி, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்டபத்து வாசல்லயே நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும் தம்பி?"

"ஒரு ஹோஸு, மேல ஊத்த ஆயிலு. அவ்வளவுதாண்ணே."

(தொடரும்)