வென்றாலும் நுழைய முடியாத லீக்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வீழ்த்தி, சென்னை சிட்டி எஃப்.சி. தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. இரண்டாம் இடம் பிடித்த ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தது. பெரிய முதலாளிகளோ சினிமா நட்சத்திரங்களோ பின்னால் இல்லாத ஒரு தமிழ்நாட்டு அணி, கொல்கத்தாவின் பழம்பெரும் கிளப்புகளைத் தாண்டி நாட்டின் சாம்பியன் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் இந்தியாவின் முதல்நிலை லீக் ஆக்கப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பட்டம் வென்ற ஏழே மாதத்தில், களத்தில் எதையும் இழக்காமலேயே, சென்னை சிட்டி இரண்டாம்நிலை லீக்கின் அணியாகிவிட்டது. வென்ற பட்டத்தைக் கொண்டு மேலே போக அதற்கு வழி வைக்கப்படவில்லை. இது ஒரு கிளப்பின் துரதிர்ஷ்டம் என்று கடந்து போய்விடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து ஒரு லீக்கின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அந்த வடிவத்தைத் தாங்கி நிறுத்திய ஏற்பாடுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்ததன் விளைவு இது.

அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்கான மேஜர் லீக் சாக்கர் 1996இல் ஆடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வட அமெரிக்க லீக், பெலேயை நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு அழைத்து வந்து கூட்டம் சேர்த்தது. கைமீறிச் செலவு செய்து, 1984 பருவத்தோடு முடங்கியது. அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் புதிய லீக்கை ஒரே நிறுவனமாக அமைத்தார்கள். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் அணியோடு அல்ல, லீக்கோடு. ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. அணிகளின் முதலீட்டாளர்கள் லீக்கிலேயே பங்குதாரர்கள். கடைசியில் வந்தாலும் கீழே இறங்க வேண்டியதில்லை. 2002 தொடக்கத்தில் மயாமி, டாம்பா அணிகள் மூடப்பட்டு பத்து அணிகள்தான் மிஞ்சின. அந்த நெருக்கடியில் பிலிப் அன்ஷூட்ஸ், லாமர் ஹண்ட் போன்ற முதலீட்டாளர்கள் சிலர் ஆளுக்குப் பல அணிகளைச் சுமந்தார்கள். லீக்குக்கென்று ஒரு சந்தைப்படுத்தும் நிறுவனத்தைத் தொடங்கி அதன் வருவாயைப் பகிர்ந்துகொண்டார்கள். கால்பந்துக்கென்றே அரங்குகளைக் கட்டினார்கள். அதன் பலன் நுழைவுக் கட்டணத்தில் தெரிகிறது: 2019இல் சார்லட் அணிக்கு 32.5 கோடி டாலர், 2023இல் சான் டியேகோவுக்கு 50 கோடி டாலர். கதவு அங்கேயும் மூடித்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் நட்டத்தையும் லாபத்தையும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.

நம் ஏற்பாடு வேறு. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்ற கணக்கில் தன் வணிக உரிமைகளை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 2014இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய ஐ.எஸ்.எல். அணி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் கட்டணம் கட்டினார்கள். லீக்கை நடத்தும் நிறுவனமோ தனி. அமெரிக்காவில் அணி முதலீட்டாளர்தான் லீக்கின் முதலாளி. இங்கே அவர் ஒரு வாடிக்கையாளர். ஒளிபரப்பில் இன்னொரு சிக்கல் இருந்தது. தொடக்கத்தில் ஒளிபரப்பிய ஸ்டார் நிறுவனத்துக்கு லீக்கை நடத்தும் நிறுவனத்திலேயே பங்கு. பின்னர் உரிமையை வாங்கிய வயாகாம்18, ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால், ஆட்டத்தின் உண்மையான சந்தை விலை என்னவென்று யாருக்குத் தெரியும்?

அந்த விலை 2025இல் தெரிந்தது. ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்த நிலையில், ஜூலையிலேயே அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. ஊதியத்தை நிறுத்தியது, இருமுறை சாம்பியனான சென்னையின் எஃப்.சி.யும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் புதிய ஏலம் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. மூடிய லீக்குக்கு ஆதரவாகப் பதினோரு ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட முக்கிய நியாயம் நிலைத்தன்மை. அது இங்கே கிடைக்கவில்லை. டெல்லி அணி 2019இல் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே அணி கலைந்து, அதன் இடத்துக்கு ஹைதராபாத் வந்தது. ஹைதராபாத் அணி 2023-24இல் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் வென்று கடைசி இடம் பிடித்தும் லீக்கிலேயே இருந்தது. 2025இல் மூட்டை கட்டிக்கொண்டு டெல்லிக்குப் போனது. தோற்ற அணியின் இடம் காப்பாற்றப்பட்டது. அந்த அணிக்காகக் கைதட்டிய ஊர் காப்பாற்றப்படவில்லை.

ஏற்ற இறக்கத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் ஏழை கிளப்புகள் மேலே வந்து கடனில் மூழ்கும் என்பது முதல் ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. ஐ-லீக்கை வென்று 2024இல் மேலே வந்த முகமதன் ஸ்போர்ட்டிங், ஊதிய நிலுவையில் தவித்து, அந்தப் பருவத்தில் கடைசி இடம் பிடித்தது. சென்னை சிட்டியே 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை; அது முதலில் ஐ-லீக்குக்குள் வந்ததும் நேரடி அனுமதியில்தான், கீழ்ப் பிரிவை வென்று அல்ல. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளை முழுமையாகப் பார்க்க வேண்டும். பட்டம் வென்றாலும் மேலே போக முடியாது என்று தெரிந்த அணிக்கு எந்த விளம்பரதாரர் பணம் போடுவார்? முகமதன் கீழே இறங்கி, தன் வரவுக்கேற்ற மட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். கட்டணமில்லாமல் ஏறும் வழி 2022-23 சாம்பியனிலிருந்து திறக்கப்பட்டது. அதில் முதலில் ஏறிய பஞ்சாப் எஃப்.சி. தாக்குப்பிடித்தது. இறங்கும் வழி மட்டும் காகிதத்தோடு நின்றது. ஊதிய வரம்பு, ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை, உரிமம் ஆகியவற்றைத் திறந்த லீக்கிலும் வைக்கலாம்; தணிக்கையையும் உரிமத்தையும் ஜெர்மனி வைத்திருக்கிறது. கடனைத் தடுப்பது தணிக்கை. அந்த வேலையைப் பூட்டிய கதவு செய்யாது.

கால்பந்து இன்னும் வேர்விடாத நாட்டில் சில காலம் மூடித்தான் வைக்க வேண்டும் என்பது இரண்டாவது ஆட்சேபம். சில காலம் என்றால் எவ்வளவு காலம் என்பதற்கு ஜப்பானில் விடை இருக்கிறது. ஜெ-லீக் 1993இல் பத்து அணிகளோடு தொடங்கியது; 1999இல் இரண்டாம் பிரிவும் ஏற்ற இறக்கமும் வந்துவிட்டன. அந்தப் பத்தில் ஒன்றான காஷிமா அன்ட்லர்ஸ், சுமிதோமோ உலோக நிறுவனத்தின் தொழிலாளர் அணியாக இருந்தது. உருக்காலையை நம்பி வாழ்ந்த சிறு ஊரின் அணி அது. நிறுவனத்தின் பெயரை விட்டு ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு, நட்சத்திர ஆட்டக்காரர் ஜிக்கோவை அழைத்து வந்து, அரங்கம் கட்டி, 2018இல் ஆசிய சாம்பியன் ஆனது. நெய்வேலியை அறிந்தவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. 1956இல் நிலக்கரிக்காகத் தோன்றிய என்.எல்.சி. நிறுவனம், வட்டம் வட்டமாகப் பிரிந்த டவுன்ஷிப், நடுவே பாரதி விளையாட்டரங்கம், சுற்றிலும் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று நிலக்கரியையும் முந்திரியையும் நம்பிய ஊர்கள். நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியைக் கிராம விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடலாம் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. பணமும் இடமும் இருக்கிற பகுதியில், ஏறிப் போகும் வழிதான் இல்லை.

நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தில் ஆட்டத் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்குப் பெண்கள் கால்பந்து சாட்சி. இந்திய மகளிர் லீக்கில் மாநிலங்களிலிருந்து வரும் அணிகளுக்குத் தகுதிச் சுற்று இருந்தது. அந்த லீக்கின் 2017-18 பருவத்தில் கடலூரின் இந்திரா காந்தி அகாதமி அணி ஆடியது. அடுத்த பருவத்தில் மதுரையின் சேது எஃப்.சி. பட்டமே வென்றது. இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். ஆட்டத்தால் தகுதி தீர்மானிக்கப்பட்ட இடத்தில் நம் ஊர்ப் பெண்கள் உள்ளே போனார்கள். பணத்தால் தீர்மானிக்கப்பட்ட ஆண்கள் லீக்கில் தமிழ்நாட்டுக்கு 2014இலிருந்து ஒரே அணிதான், அதுவும் சென்னையில்.

இப்போது பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஐ.எஸ்.எல். தன் அமைப்பை மறுபடி எழுதிக்கொள்ள வேண்டிய நேரம் இது. கூட்டமைப்பு இரண்டு விதிகளை மாற்ற முடியாதவையாக வைக்கட்டும்: ஒவ்வொரு பருவமும் கடைசி அணி இறங்க வேண்டும், கீழ் லீக்கின் முதல் அணி கட்டணமின்றி ஏற வேண்டும். தமிழ்நாட்டுக் கால்பந்துச் சங்கம் மாவட்ட லீக்குகளைத் தவறாமல் நடத்தி, அவற்றின் வெற்றியாளர்களை மாநில லீக்குக்குக் கொண்டுவரட்டும். என்.எல்.சி. தன் பங்குக்கு, தன் நிழலில் இருக்கும் ஊர்களின் பிள்ளைகளைக் கொண்டு, நெய்வேலியின் பெயரில் ஓர் அணியைத் தொடங்கட்டும்.