பொறியியல் இயற்பியல்: பட்டத்தின் விலையும் காத்திருப்பின் விலையும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் பருவத்தில் எழுத வேண்டிய ஒரு தாளாகவே பொறியியல் இயற்பியல் பெரும்பாலோருக்கு அறிமுகமாகியிருக்கிறது. அதே பெயரில் நான்காண்டு பி.டெக். பட்டப்படிப்பு ஒன்று இருப்பதும், சென்னை, மும்பை, டெல்லி, குவாஹாட்டி உள்ளிட்ட ஐ.ஐ.டி.களிலும் டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சில நிறுவனங்களிலும் அது கற்பிக்கப்படுவதும், ஜே.இ.இ. தேர்வெழுதிக் கலந்தாய்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கே பெரும்பாலும் தெரியவருகின்றன. கணினி அறிவியல் கைக்கெட்டாத தரவரிசையில், புகழ்பெற்ற ஒரு வளாகத்தில் இந்தப் பிரிவு கிடைக்கும்போது, இதற்கு ஆகும் செலவு திரும்பி வருமா என்ற கேள்வி மாணவருக்கும் பெற்றோருக்கும் எழுவது இயல்பு. கல்விக் கட்டணத்தையும் முதல் மாதச் சம்பளத்தையும் மட்டும் எதிரெதிரே வைத்து இதற்கு விடை காண முடியாது. இந்தப் பட்டத்தின் முழுப் பலன் பெரும்பாலும் அடுத்த பட்டத்துக்குப் பிறகே கைக்கு வருவதால், இடைப்பட்ட ஆண்டுகளின் செலவும் கணக்கில் சேர வேண்டும்.

என்ன கற்பிக்கப்படுகிறது?

அணு, எலெக்ட்ரான் அளவில் பொருள்கள் நடந்துகொள்ளும் விதத்தை விளக்கும் குவாண்டம் இயக்கவியல், எண்ணற்ற துகள்களின் கூட்டு நடத்தையிலிருந்து வெப்பம், அழுத்தம் போன்றவற்றைக் கணிக்கும் புள்ளியியல் இயக்கவியல், மின்காந்தவியல், ஒளியியல் ஆகியவை இந்தப் படிப்பின் ஒரு பாதி. மின்னணுச் சுற்றுகள், அளவீட்டுக் கருவிகள், குறைகடத்திச் சாதனங்கள், கணினி வழிக் கணக்கீடு ஆகியவை மறுபாதி. முதல் பாதியை பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்களும் மறுபாதியை மின்னணுவியல் மாணவர்களும் இன்னும் விரிவாகப் படிக்கிறார்கள் என்றாலும், இரண்டையும் ஒருவரே சேர்த்துப் படிப்பதுதான் இப்படிப்பின் தனித்தன்மை.

இந்தச் சேர்க்கையின் பயனை ஹால் விளைவுச் சோதனையில் தெளிவாகக் காணலாம். மின்னோட்டம் பாயும் ஒரு குறைகடத்தித் துண்டைக் காந்தப்புலத்தில் வைத்தால், நகரும் மின்னூட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுங்குவதால், அதன் குறுக்கே மில்லிவோல்ட் அளவில் ஒரு சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. அதை அளந்து, அந்தப் பொருளில் மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்களின் அடர்த்தியைக் கணக்கிடுவதோடு வழக்கமான இயற்பியல் ஆய்வகப் பயிற்சி முடிந்துவிடும். அந்தச் சிறிய மின்னழுத்தத்தை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்து, பெருக்கி, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றுக்குப் பயன்படும் சைகையாக மாற்றுவது அடுத்த கட்டம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் உற்பத்தியாகும் மின்சார ஸ்கூட்டர் போன்ற வாகனங்களின் மோட்டாரில், சுழலி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறியப் பயன்படும் ஹால் உணரி இந்த இரண்டு கட்டங்களும் சேர்ந்த ஒரு சாதனம். இவ்விரண்டையும் அறிந்தவருக்குக் குறைகடத்தி, ஒளியிழைத் தகவல்தொடர்பு, மருத்துவப் படிமவியல், விண்வெளிக் கருவியியல் எனப் பல துறைகளில் இடமுண்டு. ஆனால் அந்த இடங்களில் பல, முதுநிலை அல்லது முனைவர் பட்டம் உள்ளவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியும் செலவு

ஐ.ஐ.டி.களின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2016இல் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நான்காண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் மட்டும் 8 லட்சம் ஆகும். விடுதி, உணவு, பிற கட்டணங்கள் சேரும்போது மொத்தச் செலவு 10 லட்சத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ செல்கிறது. எனினும் இந்தத் தொகையை எல்லோரும் செலுத்த வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கல்விக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும் முழுத் தள்ளுபடி உண்டு. 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடியாகி, நான்காண்டுக் கல்விக் கட்டணம் ஏறத்தாழ 2.67 லட்சமாகக் குறைகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படித்து இத்தகைய நிறுவனங்களில் சேரும் மாணவர்களின் முதல் பட்டப்படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசும் 2022இல் அறிவித்தது. ஆகவே ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரண்டு மாணவர்களுக்கு இந்தப் பட்டத்தின் விலை முற்றிலும் வேறாக இருக்கக்கூடும்.

வேலைச் சந்தையில் பெயரின் சிக்கல்

வளாகத் தேர்வில் மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, நிதி நிறுவனங்கள் பலவும் எல்லாப் பிரிவு மாணவர்களையும் அனுமதிப்பதால், நிரலெழுதவும் கணிதத்தில் ஆழமாகச் சிந்திக்கவும் தெரிந்த பொறியியல் இயற்பியல் மாணவர் அங்கே பின்தங்குவதில்லை. அந்த வேலைகளைப் பெற்றுத் தருபவை நிறுவனத்தின் பெயரும் மாணவரின் சொந்தத் திறனுமே. பட்டத்தின் பங்கு அங்கே குறைவு.

விதிமுறைப்படி நடக்கும் ஆள்சேர்ப்பில் நிலைமை கடினமானது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வு சிவில், இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல்–தொலைத்தொடர்பு ஆகிய நான்கு பிரிவுகளில் மட்டுமே நடைபெறுகிறது. பொறியியல் பட்டதாரிகளின் மேற்படிப்புக்கும் பல பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் வாயிலாக விளங்கும் கேட் தேர்வில் இந்தப் பிரிவுக்கெனத் தனித் தாள் இல்லாததால், இயற்பியல் தாளையோ மின்னணுவியல் போன்ற வேறொரு தாளையோ எழுத வேண்டியிருக்கிறது. அறிவியல் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் மதிப்பில் மத்திய அரசு வழங்கும் இன்ஸ்பயர் உதவித்தொகையும் பி.டெக். படிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. மாணவருக்குப் பொறியியல், அறிவியல் இரண்டும் தெரிந்திருந்தும், விண்ணப்பப் படிவங்கள் அவரைச் சில இடங்களில் பொறியாளராகவும் ஏற்பதில்லை, அறிவியல் பட்டதாரியாகவும் ஏற்பதில்லை.

கணக்கில் வராத ஆண்டுகள்

ஆராய்ச்சியை நோக்கிச் செல்பவர்களுக்கு இந்தப் பட்டம் உண்மையிலேயே ஒரு குறுக்குவழியைத் தருகிறது. மூன்றாண்டு பி.எஸ்சி.யும் ஈராண்டு எம்.எஸ்சி.யும் முடித்து முனைவர் படிப்பில் சேரும் மாணவரைவிட, பி.டெக். முடித்தவுடன் நேரடியாக அதில் சேர்பவருக்கு ஓராண்டு மிச்சமாகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் முனைவர் படிப்புக்குப் பொதுவாகக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் சேர்ந்தே கிடைக்கின்றன. பெருந்தொகை செலவாவது சொந்தச் செலவில் படிக்கும் முதுநிலைப் பட்டத்துக்குத்தான். இந்தியாவில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலைக் கட்டத்தில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டுள்ளது.

கடனில் படித்த மாணவருக்கு இந்த வழி எவ்வளவு குறுகலானது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டுகிறது. 10 லட்சம் ரூபாய்க் கடனை 9 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதற்கு மாதத் தவணை சுமார் 12,700 ரூபாய் ஆகும். 37,000 ரூபாய் உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். வங்கி அவகாசம் அளித்துத் தவணையைத் தள்ளிவைத்தாலும் வட்டி நிற்பதில்லை; தனி வட்டியாகக் கொண்டாலே ஆண்டுக்கு 90,000 வீதம், ஐந்தாண்டு ஆராய்ச்சிக் காலத்தில் 4.5 லட்சம் கூடுகிறது. அதே ஐந்தாண்டுகளில் மென்பொருள் வேலைக்குச் சென்ற வகுப்புத் தோழர் கடனை அடைத்துச் சேமிப்பையும் தொடங்கியிருப்பார். திறமையான பல மாணவர்கள் ஆய்வகத்தைவிட்டு நிதி நிறுவனங்களை நாடுவதற்கு ஆர்வக்குறைவைவிட இந்தத் தவணையே பெரிய காரணமாக இருக்க முடியும்.

மறுபுறம் வாய்ப்புகளும் விரிகின்றன. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்ட குறைகடத்தித் திட்டமும், 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்று 2030–31 வரை நடைபெறவிருக்கும் தேசிய குவாண்டம் திட்டமும் இந்தப் படிப்பின் பாடத்திட்டத்தோடு நேரடித் தொடர்புடையவை. குவாண்டம் திட்டத்தின் நான்கு மையங்களில் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருப்பது தமிழக மாணவர்களுக்குக் கூடுதல் சாதகம். ஆனாலும் இத்தகைய மையங்கள் முதன்மையாகத் தேடுவது ஆய்வுப் பயிற்சி பெற்றவர்களையே என்பதால், முன்னர் கூறிய காத்திருப்பு இங்கும் தவிர்க்க முடியாதது.

முடிவெடுக்கும் முறை

கட்டணத் தள்ளுபடி பெறும் மாணவருக்கும், கடனில்லாமல் செலவைத் தாங்கும் குடும்பத்துக்கும், இயற்பியலில் மெய்யான நாட்டம் இருந்தால் பொறியியல் இயற்பியல் துணிந்து எடுக்கத்தக்க படிப்பு. முழுக் கடனில் சேர வேண்டிய நிலையில் உள்ளவர், முதல் பட்டத்துடன் வேலைக்குச் செல்ல ஆயத்தமாக இரண்டாம் ஆண்டிலிருந்தே நிரலெழுதுதலிலோ மின்னணுவியலிலோ துணைப் பாடம் ஒன்றை முறையாகப் படித்துவைக்க வேண்டும். அதற்கு வளாகம் இடம் தருகிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். ஆராய்ச்சி ஒன்றே நோக்கம், செலவு பெரும் தடை என்றால், அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, ஜாம் தேர்வின் வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர்வதும் அதே முனைவர் பட்டத்துக்கே கொண்டுசெல்லும். ஓராண்டு கூடுதலாகும் என்றாலும் கடன் சுமை பெருமளவு குறையும். வளாகத்தின் புகழுக்காக மட்டும் இந்தப் பிரிவில் சேர நினைப்பவர், எட்டுப் பருவங்களும் தம் முன் இருக்கப்போவது இயற்பியல்தான் என்பதை மனத்தில் நிறுத்தி, விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் பாடத்திட்டத்தை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுவது நல்லது.