வீட்டின் மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2007இல் தொடங்கிய சாம்சங் ஆலையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி எல்லாம் உருவாகின்றன. அதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் ஐபோன்களைத் தயாரிக்கிறது. ஃபயர் டிவி ஸ்டிக்கை பாக்ஸ்கான் குழும நிறுவனம் ஒன்றின் மூலம் சென்னையில் தயாரிக்கப்போவதாக 2021 பிப்ரவரியில் அமேசான் அறிவித்தது. இவையெல்லாம் நம்மூர்க்காரர்களின் கைவேலை. ஆனால் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனித் தலைவனின் பேச்சைத்தான் கேட்கும். சாம்சங் பொருள்களுக்கு ஸ்மார்ட்திங்ஸ், ஐபோனுக்கு ஆப்பிள் ஹோம், ஃபயர் ஸ்டிக்குக்கு அலெக்சா.

இப்படி விளக்கு, விசிறி, ஏசி, மோட்டார் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டியாளும் மென்பொருளைத்தான் 'தளம்' என்கிறோம். 'இரவு பத்து மணிக்கு வாசல் விளக்கை அணை', 'கதவு திறந்தால் ஃபோனுக்குச் சொல்' போன்ற விதிகளை நினைவில் வைத்து, நேரம் வந்ததும் நிறைவேற்றுவது அதன் வேலை. படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ புதிதாக வீடு கட்டுகிற குடும்பம் இந்தத் தளங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? இதற்கான பதிலை இந்த வட்டாரத்து ஆலைகளே பல ஆண்டுகளாகச் செய்து காட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆலை சொல்லும் பாடம்

1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களின் ஒயர்களைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அதற்கு விடையாக வந்ததுதான் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி. அதன் முன்னோடிகளில் ஒன்றான மோடிகான் 084 அடுத்த ஆண்டே வந்துவிட்டது. இன்று இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ கார் ஆலையின் எந்த லைனில் வேலை செய்பவரைக் கேட்டாலும் பி.எல்.சி. என்றால் தெரியும்.

பி.எல்.சி. பேனல் லைனுக்குப் பக்கத்திலேயே நிற்கும். சென்சார் சொன்னதைக் கேட்டு மில்லிசெகண்டுகளில் முடிவெடுக்கும். இணையம் அறுந்துபோனாலும் லைன் நிற்காது. இரண்டாவதாக, வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்ளப் பொதுமொழிகள் இருக்கின்றன. 1979இல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட மோட்பஸ் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மூன்றாவதாக, எந்த மென்பொருள் என்ன சொன்னாலும், எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை மனிதர் அழுத்தினால் இயந்திரம் நின்றாக வேண்டும்.

முடிவு உள்ளேயே எடுக்கப்படுவது, பொதுமொழி, மனிதக் கைக்கு முதலிடம் ஆகிய இந்த மூன்றும் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

சர்வர் அணைந்தால்?

பல மலிவு விலை ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் வைஃபை வழியாகக் கம்பெனியின் சர்வரைத் தொடர்பு கொள்கின்றன. நீங்கள் ஹாலில் உட்கார்ந்துகொண்டு ஆப்பில் தட்டினால், அந்தக் கட்டளை கடல் கடந்து போய்த் திரும்பி வந்து, தலைக்கு மேலே இருக்கும் விளக்கைப் போடக்கூடும். நெட் இல்லையென்றால் விளக்கும் கேட்காது.

கம்பெனியே கைவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப்பைத் தயாரித்த நிறுவனத்தை, கூகுளின் கையில் இருந்த நெஸ்ட் 2014இல் வாங்கியது. 2016இல் சேவையை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கிய ஹப்புகள் வெறும் பெட்டிகளாயின. ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி அணைந்தன. பெரிய பெயர் என்பதாலேயே ஒன்று நிலைத்துவிடாது என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதை இங்கே பல குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன.

பொதுமொழியின் பெயர் மேட்டர்

2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் மூன்றும் சிக்பீ கூட்டமைப்புடன் கைகோத்தன. அந்தக் கூட்டமைப்பில் சாம்சங்கும் இருந்தது. அதன் விளைவாக 2022 அக்டோபரில் வந்த பொதுத்தரம்தான் மேட்டர். மேட்டர் முத்திரை உள்ள பல்பு அலெக்சாவிலும் சேரும், ஆப்பிள் ஹோமிலும் சேரும். ஒரே பல்பை ஒரே சமயத்தில் இரண்டு தளங்களிலும் வைத்துக்கொள்ளலாம். கட்டளைகள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய் வரும்படி இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த பதிப்பில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, விசிறி ஆகியவையும் சேர்ந்தன.

மேட்டர் என்பது மொழி. அதைச் சுமந்து செல்ல வைஃபை, த்ரெட் போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். த்ரெட்டும் அதற்கு மூத்த சிக்பீயும் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ரேடியோ முறைகள். கதவு சென்சார் போன்ற பேட்டரிக் கருவிகளுக்கு இவையே நல்லது. பேட்டரி இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவிகள் பக்கத்துக் கருவிக்குச் செய்தியைக் கடத்திவிடுவதால், கான்கிரீட் சுவர்களைத் தாண்டியும் வீடு முழுக்கச் சிக்னல் எட்டும்.

எந்தத் தளம் யாருக்கு?

அலெக்சாவும் கூகுள் ஹோமும் தொடங்க எளியவை, கருவிகளும் ஏராளம். ஆனால் குரல் கட்டளைகள் பெரும்பாலும் இணையம் வழியாகவே போய் வருகின்றன. ஆப்பிள் ஹோமில் விதிகளை நிறைவேற்றும் மூளை, வீட்டில் இருக்கும் ஹோம்பாட் அல்லது ஆப்பிள் டிவிக்குள் இருக்கிறது. இது பெரிய பலம். ஆனால் அப்பாவுக்கு ஐபோன், அம்மாவுக்கு ஆண்ட்ராய்டு என்ற வீட்டில் இந்தத் தளம் சரிப்படாது. சாம்சங் பொருள்கள் நிறைய இருக்கும் வீட்டுக்கு ஸ்மார்ட்திங்ஸ் இயல்பாகப் பொருந்தும். ஹப் ஒன்று இருந்தால் பல விதிகள் உள்ளேயே ஓடும்.

இன்னொன்று ஹோம் அசிஸ்டன்ட். பாலஸ் ஷூட்சன் 2013இல் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில் ஓடும், சந்தா கட்ட வேண்டாம், பல கம்பெனிக் கருவிகளையும் ஒன்றாகச் சேர்க்கும். 2024 முதல் லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. அமைக்கப் பொறுமை வேண்டும். பி.எல்.சி. பேனலோடு பழகிய மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் ஒருவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. அதைத் தைரியமாக எடுத்துப் பார்க்கக்கூடியவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

வாங்கும் முன்

கரண்ட் போய் வந்தால் கருவி என்ன செய்யும் என்று கேளுங்கள். மின்சாரம் திரும்பியதும் பல ஸ்மார்ட் பல்புகள் தாமாகவே எரியத் தொடங்கிவிடும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு அது கொடுமை. பழைய நிலைக்கே திரும்பும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரவுட்டரையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் கழற்றி எடுத்துப்போகக்கூடிய பல்பும் பிளக்கும் போதும். சொந்த வீடு என்றால், சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் போல வேலை செய்யும்படி, போர்டுக்குள் வைக்கும் ரிலேயே சிறந்தது. அதற்குப் பெரும்பாலும் நியூட்ரல் ஒயர் வேண்டியிருக்கும். எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுத்துவிடும்படி ஒயரிங் நடக்கும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டிக்கு ஆப் தெரிய வேண்டிய அவசியமே வரக்கூடாது.

தண்ணீர் மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் நேரடியாக மாட்டாதீர்கள். கிளம்பும்போது அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நடுவே அந்தக் கரண்டைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டர் வேண்டும். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் வேலையை மிதவை சுவிட்சிடமே விட்டுவிடுங்கள். நினைவூட்டுவதும் கணக்கு வைப்பதும் தளத்தின் பங்காக இருக்கட்டும்.

முதலில் ஓர் அறைக்கு மட்டும் வாங்கி மாட்டுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் இணைய ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு ஒரு நாள் இருந்து பாருங்கள். விதிகள் நேரத்துக்கு நடந்தால், சுவிட்ச் கேட்டால், வீட்டில் ஒருவரும் குறை சொல்லாவிட்டால், அடுத்த அறைக்குப் போகலாம். இல்லையென்றால் எத்தனை பெரிய கம்பெனியாக இருந்தாலும் அந்தத் தளம் வேண்டாம்.