மட்டாஞ்சேரித் தெருவில் புதைந்த ரகசியம்

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றும் குமரி மாவட்டத்து மீனவரானாலும் சரி, பாலத்துக்கு அப்பால் வில்லிங்டன் தீவில் கணக்கெழுதும் குமாஸ்தாவானாலும் சரி, ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்கு அழைத்துப் போகாமல் தீராது. டச்சு அரண்மனையைக் காட்ட வேண்டும். அதன் பக்கத்திலேயே இருக்கும் யூதப் பள்ளியையும், அதன் தரையில் பதித்திருக்கும் நீலச் சித்திரக் கற்களையும் காட்ட வேண்டும். சனிக்கிழமை போனால் பள்ளியின் கதவு சாத்தியிருக்கும். அது யூதர்களின் ஓய்வு நாள்.

அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் அநேகருக்கு, இந்தத் தெருவை வைத்து ஒரு பெரிய மர்ம நாவல் எழுதப்பட்டிருப்பது தெரியாது. சல்மான் ருஷ்டி 1995-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி மூர்ஸ் லாஸ்ட் ஸை' என்பதே அந்த நாவல். நான்கு தலைமுறைக் கதை. கொச்சியில் தொடங்கி, பம்பாயில் வளர்ந்து, ஸ்பெயின் நாட்டில் முடிகிறது. அந்த ஆண்டு புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம் பெற்றது.

இரண்டு குடும்பங்கள்

கதையில் வருவது இரண்டு குடும்பங்கள். ஒன்று, மிளகு வியாபாரத்தில் கொழித்த தகாமா குடும்பம். 1524-ல் கொச்சியில் மாண்ட வாஸ்கோ ட காமாவின் முறை தவறிய வழியில் வந்தவர்கள் தாங்கள் என்று பெருமையடித்துக்கொள்கிறவர்கள். மற்றொன்று, யூதப் பள்ளியைக் காத்துவரும் ஃப்ளோரி என்ற ஏழைத் தாயின் குடும்பம். அவளுடைய மகன் ஆப்ரஹாம் தகாமாக்களின் கிட்டங்கியில் உத்தியோகம் பார்க்கிறான். அந்த வீட்டுச் செல்வமகள் அரோராவுக்கும் அவனுக்கும் மிளகு மூட்டைகளுக்கு நடுவே காதல் பிறக்கிறது.

கிறிஸ்தவப் பெண்ணை மருமகளாக ஏற்க முடியாது என்று தாய் மறுக்கிறாள். அப்போது மகன், பள்ளியில் ஒளித்து வைத்திருந்த பழைய பெட்டி ஒன்றின் கதையை எடுக்கிறான். பெட்டிக்குள்ளே மரகதம் பதித்த கிரீடம்; கூடவே பழைய ஏடு. 1492-ல் கிரனாடா நகரை இழந்து வெளியேறிய கடைசி சுல்தானுக்கும் ஒரு யூதப் பெண்ணுக்கும் பிறந்த வம்சமே தங்கள் வம்சம் என்கிறது அந்த ஏடு. குடும்பப் பெயரான 'ஸோகோய்பி' என்பதற்கே 'பாக்கியமற்றவன்' என்று பொருள். அது அந்த சுல்தானுக்கு ஏற்பட்ட பட்டப்பெயர். கலப்பில்லாத குலம் என்று சொல்லி மகனைத் தடுத்த தாயின் குலமே கலப்பில் பிறந்தது.

மறைத்ததற்கு விலை

அதோடு ரகசியம் ஓய்ந்துவிடவில்லை. பணமுடை வந்தபோது ஆப்ரஹாம் அந்தப் பெட்டியின் நகைகளைத் தாயிடம் கேட்கிறான். பிறக்கப்போகும் முதல் ஆண் குழந்தையைத் தர வேண்டும் என்பது அவள் கேட்கும் விலை. ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மற்றொன்று என்று சங்கிலி நீள்கிறது. பின்னாளில் பம்பாயில் புகழ்பெற்ற ஓவியராகும் அரோரா ஒருநாள் மாடியிலிருந்து விழுந்து இறக்கிறாள். விபத்தா, கொலையா? அவளுடைய கடைசி ஓவியத்தில், மேல்பூச்சுக்கு அடியில் வேறொரு முகம் தீட்டப்பட்டிருக்கிறது. அது யாருடைய முகம் என்பதைப் படிக்கப்போகிறவர்களுக்கே விட்டுவிடுவது நியாயம்.

நிஜமான பள்ளி 1568-ல் கட்டப்பட்டது. அங்கே கிரீடம் கிடையாது. ஆனால் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய செப்பேடுகளை அந்தச் சமூகத்தார் காத்துவந்தார்கள். எழுத்து, தமிழர் அறிந்த வட்டெழுத்து. பல்லக்கு, குடை, விளக்கு முதலிய 72 உரிமைகளை அது அளிக்கிறது.

நிஜமான ரகசியம்

கதையின் பெட்டியைவிடக் கசப்பான ரகசியம் ஒன்று நிஜத் தெருவிலேயே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த 'பரதேசி' யூதர்களின் வீடுகளில் ஒருகாலத்தில் அடிமைகள் இருந்தனர். அவர்களும் யூத மதத்தைத் தழுவினர். பின்பு விடுதலையும் பெற்றனர். ஆயினும் அவர்களுடைய சந்ததியாருக்குப் பள்ளிக்குள் சம இடம் கிடைக்கவில்லை. பின்னால் தரையில்தான் உட்கார வேண்டும். வேதம் வாசிக்க அழைப்பு வராது. யார் பேரன் எந்த வழியில் வந்தவன் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசுவதுதான் இல்லை.

அதை உடைத்துப் பேசியவர், அதே வழியில் 1882-ல் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம். 1929-ல் லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்தவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியைத் தம் சொந்தப் பள்ளியிலேயே கையாண்டார். உரிமைகள் சிறிது சிறிதாகத்தான் கிடைத்தன. 1950-ல் அவருடைய மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தைக் கொச்சியில் நடத்த இயலவில்லை. பம்பாயில்தான் நடத்த வேண்டியிருந்தது. சேலம் 1967-ல் காலமானார்.

பாட்டி சொன்ன கதை

ருஷ்டியின் நாவல் வந்த அதே 1995-ல், இதே தெருவைப் பற்றி இன்னொரு புத்தகமும் வந்தது. 'ரூபி ஆஃப் கொச்சின்' என்பது அதன் பெயர். எழுதியவர் ரூபி டேனியல். 1912-ல் மட்டாஞ்சேரியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றி, 1951-ல் இஸ்ரேலுக்குக் குடியேறியவர். அவரும் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியில் வந்தவர்தான். பாட்டியிடம் கேட்ட கதைகளை பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் துணையோடு புத்தகமாக்கினார். கற்பனை நாவல் பெட்டியிலிருந்து எடுத்த ரகசியத்தை, இந்த அம்மாள் தம் சொந்த வீட்டிலிருந்தே எடுத்தார். அடிமை வழி என்பதை வெட்கமென்று அவர் மறைக்கவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அடிமைப்படுத்தியவர்களே அல்லவா?

1948-ல் இஸ்ரேல் பிறந்ததும் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறிப் போய்விட்டார்கள். கூட்டுத் தொழுகைக்கு யூத முறைப்படி பத்து ஆடவர் வேண்டும். ஒருகாலத்தில் சிலரைத் தரையில் உட்காரச் சொன்ன அந்தப் பள்ளியில், இன்று உள்ளூரிலிருந்து அந்தப் பத்துப் பேர் தேறுவதில்லை. பெஞ்சுகள் காலியாகவே கிடக்கின்றன.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர் குடும்பங்களிலும் இப்படிப் பேசாமல் விட்ட சங்கதிகள் உண்டு. தாத்தா எதற்காக ஊரை விட்டார்? அத்தையின் பெயரை ஏன் வீட்டில் யாரும் எடுப்பதில்லை? டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பத்திரம் யாருடையது? பதில் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, பலகாரப் பொட்டலத்தை அவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம். கேட்டால் சொல்லக்கூடியவர் இன்னும் திண்ணையில் இருக்கும்போதே.