சிகரெட்டும் சிவப்புத் தலைக்கட்டும்

சைனாடவுன் பக்கம், சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள அந்தச் சுவரோவியத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். தலையில் சிவப்புத் துணி கட்டிய இளம்பெண் ஒருவர், கையில் சிகரெட்டுடன் இருக்கிறார். 2024ல் ஓவியர் ஷான் டன்ஸ்டன் வரைந்தது.

அவர் ஒரு சம்சுயி பெண். சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் உள்ள சான்சுயி வட்டாரத்திலிருந்து 1920களிலும் 1930களிலும் பிழைப்புத் தேடி இங்கு வந்தவர்கள் அவர்கள். கட்டுமானத் தளங்களில் மண்ணும் கல்லும் சுமந்தார்கள். குறைந்த கூலியிலும் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள்.

அந்தச் சிகரெட், புகைபிடித்தலுக்கு எதிரான கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி, அதை நீக்கும்படி நகர மறுசீரமைப்பு ஆணையம் கேட்டுக்கொண்டது. இணையத்தில் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் ஓவியம் அப்படியே இருக்கலாம் என்று முடிவானது. முன் அனுமதியின்றி வரைந்ததற்காகக் கட்டட உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

அந்த முடிவில் எனக்கு மகிழ்ச்சி. சிகரெட் வாடையே எனக்கு ஆகாது, அது வேறு விஷயம். நாள் முழுதும் சுமை தூக்கியவர்களில் பலர் ஓய்வு நேரத்தில் புகைத்தார்கள். அதை அழித்துவிட்டால் சுவரில் மிஞ்சுவது நமக்குப் பிடித்த மாதிரி நாமே செய்துகொண்ட பொம்மைதான்.

நம் பெண்களின் கதையில் நாமும் இப்படி அழிக்கிறோமோ என்று தோன்றுகிறது. நேதாஜி 1943ல் சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நிகழ்ச்சிகளில் கேப்டன் லட்சுமியின் சீருடைப் படம் தவறாமல் இடம்பெறும். இங்கு மருத்துவராக இருந்துவிட்டுப் படைக்குத் தலைமை ஏற்றவர். அந்தப் பெருமை அவருக்குத் தகும். ஆனால், அவருக்குப் பின்னால் அணிவகுத்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள் அவர்களில் உண்டு. வாட்டர்லூ ஸ்திரீட்டில் அவர்களுக்கு முகாம் இருந்தது. ஆம், கிருஷ்ணன் கோயிலுக்குப் போகும்போது நாம் நடக்கும் அதே தெரு! துப்பாக்கிப் பயிற்சி பெற்றுச் சிலர் பர்மாவரை போனார்கள்.

நாட்டுப்பற்றால் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். தோட்டத்துப் பசியிலிருந்து தப்ப வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாவதைச் சொல்ல நாம் தயங்குகிறோம். எனக்கு ஒரு சுவர் கிடைத்தால் அணிவகுப்பை வரையமாட்டேன். முதன்முறையாகக் காற்சட்டை அணிந்த ஒரு தோட்டத்துப் பெண், வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை வரைவேன்.

தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் சேகரித்துவரும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். பள்ளித் திட்டப்பணிக்குக் கதை தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். வீட்டிலும் தொடங்கலாம். ஆனால், பாட்டியிடம் “உங்கள் சாதனை என்ன?” என்று கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். என் பாட்டி யோசிக்கவே இல்லை: “வெத்தலை, அப்புறம் ஒரு சினிமா டிக்கெட்டு.”