சர்க்கரை நோயாளி பையில் சர்க்கரைப் பொட்டலம்!

"சர்க்கரை வியாதிக்காரன் பையில சர்க்கரையா?" என்று கேட்பீர்கள். ஆமாம்! தினமும் 4 ஊசி போடுகிறவருக்கு அந்தப் பொட்டலம்தான் உயிர்க் காவல்.

கோவில்பட்டி பக்கம் இளையரசனேந்தல் போன்ற கரிசல் காட்டு ஊர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சர்க்கரை என்றால் வீடே கலங்கிப் போகும். "ஊசியைப் பழக்காதீங்க, பெறகு விட முடியாது" என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டால் ஆபத்து! பெரியவர்களுக்குப் பரவலாக வரும் சர்க்கரை வேறு, இது வேறு. இதில் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. மாத்திரையோ கஷாயமோ அதற்கு ஈடாகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. காய்ச்சல், வாந்தி வந்தாலும் நிறுத்தக்கூடாது. டாக்டரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

14 வயதுச் சிறுவன்

1922 ஜனவரியில், கனடா நாட்டு டொரான்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போடப்பட்டது. சாகக் கிடந்தவன் பிழைத்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

4 ஊசி எதற்கு?

சாப்பாட்டுக்கு முன் 3 வேளையும் வேகமாக வேலை செய்யும் இன்சுலின். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் இன்சுலின் ஒன்று. விரலில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இவ்வளவு பாடு வீண் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1993-ல் வெளிவந்தது. ஒன்று, இரண்டு ஊசியோடு நின்றவர்களைவிட, 3 ஊசியோ அதற்கு மேலோ போட்டோ, பம்ப் கருவி வைத்தோ கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது.

கடலை மிட்டாய் உதவாது

ஆனால் கடுமையாகச் சர்க்கரை இறங்கி மயங்குவது அவர்களுக்கு 3 மடங்கு அதிகம்! காட்டு வேலை செய்தாலும், தீப்பெட்டி ஆபீசில் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போனாலும் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வரும்.

உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய் அவசரத்துக்கு உதவாது. கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பானையே போதும்!

வீட்டில் பிரிஜ் இல்லையா? கவலை வேண்டாம். ஈர மணல் மேல் மண்பானையை வைத்து, அதற்குள் மூடிய டப்பாவில் இன்சுலினைப் பத்திரப்படுத்தலாம். பிரிஜ் இருந்தாலும் பிரீசரில் வைக்கக்கூடாது. உறைந்துபோன மருந்து குப்பைக்குத்தான்!

வாத்தியாரிடமும், கூட விளையாடும் பிள்ளைகளிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ஊசி போடுவதில் வெட்கம் இல்லை. காலையில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரே கேள்வி: "பையில சர்க்கரை இருக்கா?"