ஒடிந்த ஆக்சிலைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள்

கோ-கார்ட்டின் பின்பக்கம் குறுக்கே போவது ஒரே தண்டு. காரில் இருக்கும் டிஃபரன்ஷியல் அதில் கிடையாது, சஸ்பென்ஷனும் கிடையாது. இடது சக்கரம், வலது சக்கரம், செயின் சுற்றும் ஸ்ப்ராக்கெட், பிரேக் டிஸ்க் நான்கும் அந்த ஒரே ஆக்சிலில்தான் மாட்டியிருக்கின்றன. வாடகைக்கு ஓடும் கார்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் பிரேக்கே இருக்காது. அதனால் ஆக்சில் ஒடிந்தால் ஒரு சக்கரம் கழன்றதோடு விஷயம் முடிவதில்லை. ஒடிந்த பக்கம் பிரேக் போய்விடும். மறுபக்கம் மட்டும் பிடிக்கும். வண்டி சுழன்றுகொண்டு டயர் தடுப்பில் போய் மோதும். உட்கார்ந்திருப்பவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கார்ட்டின் பின்டயர் சுமார் 11 அங்குல விட்டம். ஒரு கிலோமீட்டர் ஓட அது 1,100 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிலின் மேல்பக்கம் கீழே வருகிறது, கீழ்ப்பக்கம் மேலே போகிறது. இழுவிசையும் அழுத்தமும் மாறி மாறி விழுகின்றன. விடுமுறை நாளில் காலை முதல் இரவு வரை ஓடும் வாடகை கார்ட்டின் ஆக்சில் ஒரே நாளில் பல்லாயிரம் முறை இப்படி வளைந்து நிமிர்கிறது. இரும்பு களைப்பது இப்படித்தான். சக்கரத்தின் ஹப் நழுவாமல் இருக்க ஆக்சிலில் கீ உட்காரும் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தின் கூர்மூலையில்தான் பெரும்பாலும் முதல் கீறல் விழும். தலைமுடி அளவு கூட இல்லாத அந்தக் கீறல் நாளடைவில் உள்ளே இறங்கி, ஒரு நாள் மீதி இரும்பு தாங்காமல் ஒடியும். அதனால்தான் தேய்ந்த ஆக்சிலும் ஹப்பும் மாற்ற வேண்டிய பொருட்கள். அவற்றை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது.

ஒட்டுப்போடும் வழக்கமோ பரவலாக இருக்கிறது. ஹப் ஆட ஆரம்பித்தால் ஆக்சிலின் மேல் சுற்றிலும் பஞ்ச் அடித்துப் புள்ளி போட்டு, மேடாகிய இரும்பில் ஹப்பை இறுக்கமாக ஏற்றுவார்கள். தகரத் துண்டை ஷிம்மாகச் செருகுவார்கள். கடைசியில் ஹப்பையும் ஆக்சிலையும் சேர்த்து நாலு இடத்தில் வெல்டிங் வைத்துவிடுவார்கள். மூன்றுமே சில நாள் தாங்கும். ஆனால் பஞ்ச் அடித்த ஒவ்வொரு குழியும் புதுக் கீறலுக்கு வாசல். ஷிம் நசுங்கியதும் ஆட்டம் திரும்பி வரும். மூன்றிலும் மோசமானது வெல்டிங். சூடு பட்ட இடத்தை ஒட்டி இரும்பின் தன்மை மாறி, எளிதில் வெடிக்கும் நிலைக்கு வருகிறது. வெல்டிங்கின் விளிம்பு சரியாக அதிக பாரம் விழும் இடத்தில் இருக்கிறது. மக்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஓட்டக் கொடுக்கும் வண்டியில் இதைச் செய்வது அலட்சியம். அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு மனமில்லை.

முறையாக மாற்றுவது அரை நாள் வேலை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்களையும் ஹப்களையும் கழற்றி, பேரிங்கின் திருகுகளைத் தளர்த்தி ஆக்சிலை உருவ வேண்டும். புது ஆக்சிலோடு ஹப், கீ எல்லாமே புதிதாகப் போட வேண்டும். ஆக்சிலை மட்டும் மாற்றிப் பழைய ஹப்பை ஏற்றினால் காசு வீண். ஹப்பில் ஒரு வெடிப்பு விட்டிருப்பார்கள், போல்ட்டை முறுக்கினால் அந்த இடைவெளி குறைந்து ஹப் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும். போல்ட்டை முழுக்க முறுக்கியதில் இடைவெளி சுத்தமாக மூடிக்கிடந்தால் உள்துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், இனி எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. மாட்டிய பிறகு செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா, டிஸ்க் கேலிப்பரின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, சில சுற்று ஓட்டி, எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். இந்த மறுமுறுக்கலைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

டிக்கெட் வாங்கியவர் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. உட்காருவதற்கு முன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஹப் ஆக்சிலைத் தொடும் இடத்தில் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே இரண்டும் உரசிக்கொண்டிருக்கின்றன. வெல்டிங் தடித்துத் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். சக்கரம் கோணலாகச் சுற்றினாலும் அப்படியே. ஓடும்போது வளைவில் ‘டொக் டொக்’ என்ற சத்தம் வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி ஊழியரைக் கூப்பிடுங்கள்.

செயினுக்கும் ஆக்சிலுக்கும் மேலே மூடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2018 பிப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோரில் ஒரு பெண்ணின் கூந்தல் கோ-கார்ட்டில் சிக்கியது. 2020 அக்டோபரில் ஹைதராபாத் அருகே ஒரு மாணவிக்கும் அதேதான் நடந்தது. இருவருமே உயிரிழந்தார்கள். கூந்தலைக் கட்டி உள்ளே விட வேண்டும், துப்பட்டாவும் முந்தானையும் தொங்கக் கூடாது என்று சொல்வது நிர்வாகத்தின் கடமை. முடியைச் சரியாகக் கட்டாதது பெண்ணின் தவறு என்று பேச்சை முடித்துவிடுவது எனக்கு ஆத்திரம் தருகிறது. முதலில் கேட்க வேண்டியது, சுழலும் தண்டு ஏன் திறந்து கிடந்தது என்பதைத்தான்.

சட்டப்படி, டிக்கெட் எடுத்த கணத்திலிருந்து நீங்கள் நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பழுதான வண்டியைக் கொடுப்பது சேவைக் குறைபாடு. வாசலில் ‘சொந்தப் பொறுப்பில் ஓட்டவும்’ என்று பலகை வைத்திருப்பார்கள், சில இடங்களில் படிவத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். வேகத்தில் இருக்கும் இயல்பான ஆபத்தை ஏற்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சியாகலாம். ஒடியவிருந்த ஆக்சிலை ஓட விட்டதற்கு அது கவசம் ஆகாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே முடிவான சட்டம்.

விபத்து நடந்துவிட்டால், காயத்துக்குச் சிகிச்சை தொடங்கியதும் செய்ய வேண்டிய அடுத்த வேலை அந்த ஒடிந்த துண்டைக் காப்பாற்றுவது. பெரும்பாலானோர் இதைக் கோட்டை விடுகிறார்கள். அன்று சாயங்காலமே புது ஆக்சில் மாட்டி வண்டி ஓட ஆரம்பித்துவிடும். பழைய துண்டு காயலான் கடைக்குப் போய்விடும். ஆனால் உண்மை அதில்தான் எழுதியிருக்கிறது. ஒடிந்த முகப்பைக் கூர்ந்து பாருங்கள். ஒரு பகுதி மங்கிக் கறுத்து, சில சமயம் துருவேறி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வரி வரியாக இருக்கும். அது பழைய கீறல். மீதிப் பகுதி புது இரும்பாகச் சொரசொரப்புடன் மின்னும். அது கடைசி நொடியில் ஒடிந்தது. மங்கிய பகுதி தெரிந்தால், ‘திடீரென்று ஒடிந்துவிட்டது, நாங்கள் என்ன செய்வது’ என்ற பேச்சு நிற்காது. கீறல் முன்பே இருந்தது, சோதித்திருந்தால் பிடிபட்டிருக்க வாய்ப்புண்டு என்று வாதிட முடியும்.

எனவே இரண்டு முகப்பையும், ஹப்பையும், கார்ட்டின் எண்ணையும் கிட்டத்தில் படமெடுங்கள். கழுவவோ தேய்க்கவோ விடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போதே வண்டியையும் துண்டையும் கைப்பற்ற வேண்டும், சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று எழுதுங்கள். அலட்சியத்தால் கொடுங்காயம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனால் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை. நுகர்வோர் ஆணையமும் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடலாம். அதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் கேட்கும் தொகை அல்ல, சேவைக்குக் கொடுத்த பணம். டிக்கெட் சில நூறு ரூபாய்தான் என்பதால் மாவட்ட ஆணையமே போதும், கட்டணமும் கிடையாது. சுற்றுலா போன ஊரில் அடிபட்டாலும் உங்கள் சொந்த மாவட்டத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிள்ளைக்காகப் பெற்றோரும், இறந்தவருக்காக வாரிசும் மனுச் செய்யலாம். பில் தர மறுத்தால் அதுவும் புகாருக்கு உரிய விஷயம். யுபிஐ-யில் பணம் கட்டிய பதிவையும் டோக்கனின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விவரம் கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வேலியிட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைந்த வண்டி மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. சாலை விபத்துக்குக் கட்டாயமாக உள்ள காப்பீடு இங்கே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பள்ளியோ அலுவலகமோ கூட்டமாகப் போகும்போது, பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கார்ட்டுக்கும் ஆக்சில், ஹப் எப்போது மாற்றினார்கள் என்று எழுதிய பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பதிவேடு மெக்கானிக்குக்கும் பாதுகாப்பு. ஒட்டுப்போட்ட வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்பவர் அவர்தான். ‘இன்று ஒரு நாள் ஓட்டிவிடலாம்’ என்ற முதலாளியின் பேச்சுக்கு எதிராக அவர் கையில் இருப்பது, ‘ஹப் ஆடுகிறது, வெளியே விடக் கூடாது’ என்று தேதியோடு எழுதிய ஒரு வரி. சோதனை ஓட்டத்தில் அவருக்கு அடிபட்டால் அது வேலை காரணமான காயம். இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கு முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும். 1923-லிருந்தே சட்டத்தில் உள்ள உரிமை இது.